நாலு நாள் லீவில் ஓர் எரிமலை

அப்பா ஒரகடத்தில் கார் உதிரிபாக கம்பெனியில் சூப்பர்வைசர். அம்மாவுக்கு சுங்குவார்சத்திரம் பக்கம் செல்போன் கம்பெனியில் வேலை. அவருக்கு நைட் ஷிப்ட் என்றால் இவருக்குப் பகல் ஷிப்ட். இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் நாலு நாள் லீவு கிடைப்பது பொங்கலுக்கு மட்டும்தான். ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் போனில் கிலாவேயா எரிமலை நெருப்பைக் கக்குவதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொங்கலுக்கு எரிமலைக்குப் போலாம்ப்பா" என்றாள்.

கிலாவேயா இருப்பது ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்காவில். 1916-ல் அமைத்த பூங்கா அது. டிக்கெட் விலையைப் பார்த்த அப்பா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"என்னங்க, நம்ம நாட்டுலயே ஒண்ணு இருக்காமே?" என்றார் அம்மா.

இருக்கிறது. அந்தமானின் பாரன் தீவுதான் இந்தியாவில் இப்போதும் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை. போர்ட் பிளேரில் இருந்து சுமார் 138 கிலோமீட்டர். 1787-ல் வெடித்தது பதிவாகியிருக்கிறது. பின்னர் நீண்ட காலம் தூங்கிவிட்டு 1991-ல் விழித்துக்கொண்டது. மனிதர்கள் யாரும் அங்கே இல்லை; எப்போதோ யாரோ விட்டுப்போன ஆடுகளின் வம்சம் வாழ்கிறது. சாதாரணப் பயணிகள் தீவில் இறங்க முடியாது, கப்பலில் இருந்தபடிதான் பார்க்கலாம். அந்தச் சவாரியும் தினசரி கிடையாது. இறங்க விடாததில் வருத்தப்பட ஒன்றுமில்லை. நியூசிலாந்தின் வாக்காரி தீவில் 2019 டிசம்பரில் எரிமலை வெடித்தபோது அங்கே இருந்த 47 பேரில் 22 பேர் உயிரிழந்தார்கள்.

அப்படியானால் மிச்சமிருப்பது பாரட்டாங் தீவின் சேற்று எரிமலை. இதில் லாவா கிடையாது. பூமிக்குள் சேரும் வாயு, சேற்றை மேலே தள்ளுகிறது. குளிர்ந்த சாம்பல் நிறச் சேறு, கொதிக்கும் கூழ் மாதிரி 'பொளக் பொளக்' என்று குமிழி விடும். அவ்வளவுதான். நெருப்பை எதிர்பார்த்துப் போகும் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும், முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

சென்னையில் இருந்து கப்பல் என்றால் போகவே கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகும், லீவு அதிலேயே தீர்ந்துவிடும். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஜனவரியில் கடல் பெரும்பாலும் அமைதி. ஆனால், சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், அதனால் செல்லுலார் ஜெயிலைப் பகலிலேயே பார்த்துவிட வேண்டும். மொழிக் கவலை வேண்டாம், அங்கே தமிழர்கள் நிறைய.

பாரட்டாங்குக்கு விடியும் முன்பே, மூன்று நான்கு மணிக்கே வேன் ஏற வேண்டும். கம்பெனி பஸ்ஸுக்கு நின்று பழகிய வீட்டில் அது ஒரு பிரச்னையே இல்லை. பிரச்னை, போகிற வழியில் இருந்தது. ஜிர்காடாங் செக்போஸ்ட்டில் வண்டிகளை வரிசையாகச் சேர்த்து, போலீஸ் காவலோடு அனுப்புகிறார்கள். ஏனென்றால் அந்தக் காட்டுச் சாலை ஜாரவா பழங்குடியினரின் இடத்துக்குள்ளே போகிறது. வண்டியை நிறுத்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, தின்பண்டம் எதுவும் கொடுக்கக் கூடாது. அந்த மக்களைப் பாதுகாக்க 1956-லேயே சட்டம் வந்துவிட்டது.

இதையெல்லாம் அப்பா படித்துக் காட்டியபோது, முழங்கால் வலியோடு தைலம் தேய்த்துக்கொண்டிருந்த பாட்டி கேட்டார்: "அவங்க இடத்து வழியாவா போறோம்? அவங்ககிட்ட கேட்டாங்களாமா?"

யாரும் பதில் சொல்லவில்லை. "நாம பார்க்கப் போறது சேத்தைத்தான்மா. வழியில போனை எடுக்கவே மாட்டோம்" என்றார் அப்பா, கொஞ்ச நேரம் கழித்து.

"அப்ப நீங்க போயிட்டு வாங்க. அன்னிக்கு நான் ரூம்லயே இருந்துக்கறேன்" என்றார் பாட்டி. முழங்கால் வலியால் சொன்னாரா, வேறு காரணமா என்று அம்மாவுக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

மகள் நோட்டில் இரண்டாம் நாளுக்கு நேராக 'பாரட்டாங்' என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறாள். விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அம்மாவுக்கு லீவு கிடைத்துவிட்டது. அப்பாவுக்கு மூன்று நாள்தான் சாங்ஷன் ஆகியிருக்கிறது, நாலாவது நாளுக்கு ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.