மீண்டும் மீண்டும் குரங்குக் காய்ச்சல்

1957-ஆம் ஆண்டு அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. காட்டோரத்து ஜனங்களும் காய்ச்சலில் படுத்தனர். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தது நமது புனேயிலுள்ள வைரஸ் ஆராய்ச்சி நிலையம்தான். அம்பேத்கர் சாலையில் அதன் வாசலைத் தாண்டி வேலைக்குச் செல்லும் தமிழர் எத்தனையோ பேர்!

அடங்கியதாக நினைத்த நோய், நீலகிரி, வயநாடு, கோவா என்று மலைத்தொடர் வழியே தலைகாட்டி, 2016-இல் நம் மாநிலத்தின் சிந்துதுர்க் மாவட்டத்துக்கும் வந்துவிட்டது. அங்கே முந்திரித் தோப்புகளில் வேலை செய்தவர்களையும் தாக்கியது. பெரும்பாலும் உண்ணிக் கடியால் பரவுகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை. திடீர்க் காய்ச்சல், மண்டையிடி, சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் ரத்தம். நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரை மாண்டு போகின்றனர். இதற்கென்று தனி மருந்தில்லை. பழைய தடுப்பூசியும் போதிய பலனின்றி 2022-இல் கைவிடப்பட்டது.

காட்டு வேலைக்கு ஆள் கூட்டிச் செல்லும் மேஸ்திரிகள் கூலியைப் பேசுகிறார்கள். உண்ணியைப் பற்றி மூச்சு விடுவதில்லை. கடித்து மூன்று முதல் எட்டு நாளில்தான் காய்ச்சல் காணும். அதற்குள் தொழிலாளி புனே திரும்பியிருப்பார். டாக்டர் மலேரியா, டெங்கு என்று எண்ணக்கூடும். எந்தக் காட்டில் வேலை செய்தோம் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும்.

உண்ணி விரட்டும் தைலத்தை ஒப்பந்தக்காரர் தம் செலவில் வழங்க வேண்டுமெனத் தொழிலாளர் இலாகா உத்தரவிடட்டும். நோய்க்காலம் டிசம்பரில் தொடங்குகிறது; உத்தரவு அதற்கு முன்பே வர வேண்டும்.