விழுங்கிய பொருளும் வீண் தாமதமும்

உலகை அறிவதற்குச் சிறு குழந்தைக்கு வாய்த்த முதற் கருவி அதன் வாயேயாகும். கைக்கு அகப்பட்டதை வாயிலிட்டுப் பார்ப்பது அதன் இயல்பு. காசு, புளியங்கொட்டை, சட்டைப் பொத்தான், ஊக்கு ஆகிய இவற்றுள் ஒன்றைக் குழந்தை விழுங்கிவிட்டதென்று ஒரு நாளேனும் பதறாத வீடு நம் காவிரி நாட்டில் அரிது. அவ்வாறு பதறுங்கால் வீட்டுப் பெரியோர் கூறும் ஆறுதல் மொழி ஒன்றுண்டு: "பயப்படாதே அம்மா, நாளைக்குத் தானே வெளியே வந்துவிடும்."

இம்மொழி பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது. விழுங்கப்படும் பொருள்களுள் நூற்றுக்கு 80 முதல் 90 வரை யாதொரு சிகிச்சையுமின்றி வெளியேறிவிடுகின்றன. 10 முதல் 20 வரை உள்நோக்குக் குழாய் கொண்டு எடுக்க வேண்டியவை. சத்திர சிகிச்சை வேண்டுவன நூற்றுக்கு ஒன்றினும் குறைவே என்பது வைத்திய நூலோர் கணக்கு. அங்ஙனமாயின் இதனைக் குறித்து ஒரு கட்டுரை எதற்கு என்று வாசகர் வினவலாம். பத்தில் எட்டு முறை பலித்த சொல்லாதலால் எஞ்சிய இரண்டு முறையும் அதனையே நம்பிக் காத்திருக்கிறோம். அக்காத்திருத்தலே சில வேளைகளில் உயிருக்கு இறுதியாகிறது என்பதே என் விடை.

காத்திருத்தற்கு இடங்கொடாத பொருள்கள் சில உள. அவற்றுள் முதலாவது, கைக்கடிகாரத்திலும் ஒளிவீசும் பொம்மையிலும் தொலைக்காட்சியை இயக்கும் கருவியிலும் இருக்கும் பொத்தான் பாட்டரி. அது உணவுக்குழலில் தங்குமாயின், ஈரமான சதை அதன் இருபுறத்தையும் தொடுவதால் மின்னோட்டம் உண்டாகிறது. எதிர்முனைப் பக்கத்தில் கடுங்காரம் விளைந்து சதையைக் கரைக்கிறது. பாட்டரி உடைந்து கசிய வேண்டுவதேயில்லை. 2 மணி நேரத்திற்குள்ளாகவே கொடிய புண் உண்டாகக்கூடும். 20 மில்லிமீட்டர் அகலமும் 3 வோல்ட் ஆற்றலும் உள்ள லிதியம் பாட்டரியே இவற்றுள் மிகக் கொடியது. இப்புண் மூச்சுக்குழலையோ, இதயத்தினின்று புறப்படும் பெருநாடியையோ துளைத்துவிடுவதும் உண்டு. குழந்தைக்கோ எச்சில் வழிதல், உணவை மறுத்தல், இருமல் என்னும் குறிகளே தோன்றும். வீட்டார் அதனைச் சளியென்று எண்ணிக் கஷாயம் வைப்பர்.

இரண்டாவது காந்தத் துண்டுகள். ஒன்று மட்டுமாயின் வெளியேறிவிடக்கூடும். இரண்டு விழுங்கப்பட்டால், குடலின் ஒரு மடிப்பிலிருந்து ஒன்றும் மற்றொரு மடிப்பிலிருந்து மற்றொன்றும் ஒன்றையொன்று இழுத்து, இடைப்பட்ட குடற்சுவரை நசுக்கித் துளைத்துவிடும். மூன்றாவது, ஊக்கு, ஊசி, மீன்முள் முதலிய கூரிய பொருள்கள். நான்காவது, எப்பொருளாயினும் தொண்டையிலோ உணவுக்குழலிலோ சிக்கி, உமிழ்நீரையும் விழுங்கவொட்டாமல் செய்வது.

மீன்முள்ளைப் பற்றி நம் ஊரார்க்கு நான் அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. வாய்க்காலிலும் குளத்திலும் பிடித்த கெண்டையின் சுவையை அறிந்தவர் அதன் நுண்ணிய முட்களையும் அறிவர். முள் சிக்கியவுடன் நாம் செய்வது யாது? வெறுஞ்சோற்றை உருண்டையாக்கி மெல்லாமல் விழுங்கச் சொல்லுகிறோம். அல்லது வாழைப்பழத்தைக் கொடுக்கிறோம். சிறு முள்ளாயின் சில வேளை அது இறங்கிவிடும். பெருமுள்ளாயின் அவ்வுருண்டையே அதனை மேலும் ஆழப் பதிக்கிறது. உணவுக்குழல் துளைபட்டால் மார்பினுள் சீழ் கட்டும். பெருநாடியும் அதற்கு அணித்தே உள்ளது. அன்றியும் வயிறு நிறைந்திருப்பின் மயக்க மருந்து கொடுத்தற்கும் இடையூறாகிறது. விரலை விட்டுத் துழாவுதலும், உப்பு நீர் புகட்டி வாந்தியெடுக்கச் செய்தலும் இத்தகைய தீங்குகளே.

இவையெல்லாம் நம் முன்னோர் முறை அல்லவோ என்று சிலர் கூறுவர். முன்னோர் இதனை எளிதாகக் கருதினாரல்லர். தொண்டையிற் சிக்கிய எலும்பை வெளியே இழுத்தெடுக்கும் வகையைச் சுசுருத சங்கிதை தனியே எடுத்துக் கூறுகிறது. புதிய மருத்துவமும் தஞ்சைக்கு அந்நியமன்று. 1798 முதல் 1832 வரை அரசிருந்த இரண்டாம் சரபோஜி மன்னர், நம் நாட்டு மருத்துவத்தையும் மேனாட்டு மருத்துவத்தையும் தன்வந்திரி மகாலில் ஒருங்கே போற்றினார். பழமையை மதித்தவர் புதுமையை அஞ்சவில்லை.

பிற நாடுகளில் இத்துறை வளர்ந்த வரலாறும் அறியத்தக்கது. 1868-ம் ஆண்டில் ஜெர்மனி தேசத்துப் பிரைபர்க் நகரில் குஸ்மால் என்னும் வைத்தியர், வாள் விழுங்கும் வித்தைக்காரன் ஒருவனுடைய உதவியால் நேரான குழாயை உணவுக்குழலினுள் செலுத்திக் காட்டினார். 1897-ம் ஆண்டில் அந்நகரிலேயே கில்லியன் என்பவர், ஒரு விவசாயியின் மூச்சுக்குழற் கிளையில் சிக்கிய பன்றி எலும்பைக் கத்தியின்றி எடுத்தார். அமெரிக்காவில் செவாலியர் ஜாக்சன் (1865–1958) தாம் எடுத்த பொருள்களைப் பாதுகாத்து வைத்தார். அவற்றுள் 2,000-க்கு மேற்பட்டவை இன்றும் பிலடெல்பியாவிலுள்ள ஒரு காட்சிசாலையில் இருக்கின்றன. அவர் எடுப்பதோடு நின்றாரல்லர். குழந்தைகள் காரத்தை அறியாமற் குடித்து உணவுக்குழல் சுருங்கி வருந்துவதைக் கண்டு, அத்தகைய பொருள்களின்மீது எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட வேண்டுமென்று பல ஆண்டுகள் போராடினார். 1927-ல் அமெரிக்க அரசு அதனைச் சட்டமாக்கிற்று.

ஆகவே கருவியும் உண்டு, கைவன்மையும் உண்டு. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் நடுவே இருக்கிறது. 108 என்னும் எண்ணுக்கு அழைத்தால் வண்டி வரும் ஏற்பாடு 2008 முதல் தமிழ்நாட்டில் உளது. இருந்தும் தாமதம் ஏன்? நடவு நாளில் ஒரு நாட்கூலி போய்விடும் என்பது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. அது நம் நாக்கு. "பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் தெரியாதா?" என்று மாமியார் கேட்கிறாள்; கணவன் கேட்கிறான்; அண்டை வீட்டாரும் கேட்கின்றனர். அதற்கு அஞ்சிய தாய், கண்டதைக் கூறாமல் மறைக்கிறாள். அல்லது பொழுது சாயட்டும் என்று காத்திருக்கிறாள். வைத்தியரிடமும், "என்னமோ விழுங்கிவிட்டது" என்று மழுப்புகிறாள். எக்ஸ்ரே படத்தில் பாட்டரி காசைப்போலவே வட்டமாகத் தோன்றும். விளிம்பின் இரட்டை வளையமே அதனைக் காட்டிக் கொடுக்கும். "பாட்டரி" என்று தாய் சொல்லும் ஒரு சொல், அவ்வேளையில் பல மணி நேரத்தை மீட்டுத் தரும். அச்சொல்லை அவள் வாயினின்று எழவொட்டாமல் அடக்குவது நம் ஏச்சேயன்றோ? விழுங்கிய குழந்தையும் குற்றவாளியன்று. கண்டு கூறிய தாயும் குற்றவாளியல்லள். கேட்டவுடன் ஏசுகிறவரே குற்றவாளி என்பது என் துணிபு.

செய்யத்தக்கவை சிலவே. குழந்தை இருமவும் அழவும் இயலாமல் மூச்சடைத்து நீலம் பாயுமாயின், உடனே குனியவைத்து முதுகின் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை ஓங்கித் தட்டி, 108-ஐ அழைக்க வேண்டும். மற்ற வேளைகளில் உண்ணவும் பருகவும் ஒன்றும் கொடாமல், விழுங்கியதைப் போன்ற மற்றொரு பொருள் இருப்பின் அதனையும் கையிலெடுத்து, மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இதற்கு விலக்கு ஒன்றே. ஒரு வயது கடந்த குழந்தை பாட்டரியை விழுங்கி 12 மணி நேரம் கடவாமலிருந்து, விழுங்கவும் இயலுமாயின், வழியில் 10 நிமிடத்திற்கு ஒரு முறை இரண்டு தேக்கரண்டி தேன், ஆறு முறைக்கு மேற்படாமல், கொடுக்கலாம். அது காரத்தின் வேகத்தைத் தணிக்கும். ஒரு வயது நிரம்பாத சிசுவுக்குத் தேன் ஆகாது. தேனைத் தேடி ஒரு கணமும் நிற்கலாகாது.

வருமுன் காத்தலும் நம் கடமையே. 2021-ம் ஆண்டு சனவரி முதல் இந்தியாவில் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. வேளாங்கண்ணியிலாயினும் நாகூரிலாயினும் கும்பகோணத்திலாயினும், திருவிழாக் கடையில் பொம்மை வாங்குவோர், முத்திரை உளதா, பாட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டுளதா என்று பார்த்தே வாங்குதல் வேண்டும். தேய்ந்த பாட்டரியும் சன்னலோரத்தில் போடத்தக்கதன்று. அதிலும் தீங்கு செய்யப் போதிய மின்சாரம் எஞ்சியிருக்கும்.

மாணவ நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நீவிர் பட்டத்தைக் குறித்துப் பேசுதலினும் இதனைக் குறித்து உம் வீட்டுத் திண்ணையில் கால் நாழிகை பேசுவது நற்பயன் தரும். பாட்டியின் ஆறுதலை இகழ வேண்டா. அது அன்பிலிருந்து எழுந்தது. "பாட்டி, காசென்று தெரிந்தாலும் வைத்தியரைக் கேட்டுக் காத்திருப்போம், பாட்டரியாயின் இப்பொழுதே புறப்படுவோம்" என்று மட்டும் சொல்லிவையுங்கள். என்றேனும் ஒரு நாள், உங்கள் தெருவில் ஒரு தாய் அஞ்சாமல் வாய் திறந்து உண்மையைக் கூறுவாளாயின், நீங்கள் கற்ற கல்வி அன்று பயன்பட்டதாகும்.