இலைச்சாறும் ஆசிட் தொட்டியும்

போன மாதம் உறவுக்காரப் பையன் ஒருவன் தன் ஆராய்ச்சிக் கட்டுரையைக் கொண்டுவந்து காட்டினான். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சீமைக்கருவேல இலைச்சாற்றைக் கலந்தால் இரும்பு அரிப்பது 90 சதவீதம் குறைகிறதாம். புதூரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் நிற்கும் அந்த முள்மரத்துக்கும் ஒரு நல்ல வேலை கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷம். "எந்தப் பட்டறையில் ஊற்றிப் பார்த்தாய்?" என்றேன். "பட்டறையா? கட்டுரை வெளிவந்தாச்சே தாத்தா" என்றான்.

முலாம் பூசுவதற்கு முன் துருப்பிடித்த இரும்பை அமிலத்தில் முக்குவார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இதன் பெயர் 'தெகாப்பாஜ்'. அமிலம் துருவைத் தின்றதோடு நிற்காது, நல்ல இரும்பையும் தின்னும். அப்போது கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிகள் அமிலத்தைத் துளித்துளியாகக் காற்றில் தூக்கிவிடும். தொட்டியருகே நிற்பவர் மூச்சில் இழுப்பது அதைத்தான். ஹெக்சமின், தயோயூரியா போன்ற கரிமச் சேர்மங்களைச் சிறிது கலந்தால் அவை இரும்பின்மேல் படலமாக ஒட்டிக்கொண்டு அமிலத்தைத் தடுக்கும். தயோயூரியா நஞ்சு. அதனால் இலைச்சாறு தேடுகிறார்கள். தேடட்டும்.

ஆனால் வேம்பு, மருதாணி, முருங்கை என்று ஒவ்வொரு செடிக்கும் கட்டுரை வந்தாயிற்று. எழுத்தராகக் காலம் தள்ளியவனுக்கு இந்த ரகம் தெரியும்: படிவம் ஒன்றுதான், விண்ணப்பதாரர் பெயர் மட்டும் மாறும். தகட்டை எடைபோடு, அமிலத்தில் முக்கு, மறுபடி எடைபோடு. 100 மில்லிகிராம் கரைய வேண்டியது 10 கரைந்தால் 90 சதவீதம். கடைசியில் லாங்மியூர் சமன்பாடு. சாறு ஒரு வாரத்தில் அழுகுமா, லிட்டர் என்ன விலை, பழைய தொட்டியில் இரும்பு உப்பு சேர்ந்தபின் வேலை செய்யுமா? பெரும்பாலும் கேட்பாரில்லை.

ஆராய்ச்சியில் உடனே பயன் கேட்கலாமா என்பார்கள். பசையும் தவிடும் அமிலத்தில் இரும்பைக் காக்கும் என்பது ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த சங்கதி. இதில் புது அறிவியல் எங்கே இருக்கிறது? காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். அந்தத் துறையில் படிக்கிற பிள்ளைகள் பட்டறை வாசலை மிதிக்காமலே டாக்டர் பட்டம் வாங்கினால் யாருக்கு லாபம்?

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பட்டறையில் விசாரித்தேன். "கலக்கறதா? வேகம் குறஞ்சா இன்னுங் கொஞ்சம் ஆசிட் ஊத்துவோம் அண்ணாச்சி" என்றார் தொட்டிக்காரர், மூக்கில் கட்டிய துண்டுக்குள்ளிருந்து.

பையனிடம் ஐந்து லிட்டர் சாறு கேட்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை.