கடற்கரைக்கு அளவுகோல் எது?

மருதமுனைக் கரையில் கடலுக்கு முதுகு காட்டி மேற்கே நடப்பவன், மதில்கள் நெருங்கிய ஒழுங்கைகளைக் கடந்து, பெருந்தெருவைத் தாண்டி, சற்று நேரத்தில் வயல் வரம்பில் கால் வைத்துவிடுவான். கிழக்கே கடல், மேற்கே வயல், இடையில் மக்கள். பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தெற்கே நீளும் கரையெங்கும் இதே நிலைதான்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ந் திகதி இக்கரையை ஆழிப்பேரலை மூடியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இத்தீவின் வேறெந்த மாவட்டமும் அத்தனை உயிர்களைப் பறிகொடுக்கவில்லை. சுமாத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கியபின், அலை இங்கு வந்து சேர ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் இக்கரை மக்களிடம் ஓடுங்கள் என்று சொல்ல ஒரு குரல்தானும் எழவில்லை.

அதன்பின் அரசாங்கம் செய்ததென்ன? கொழும்பில் ஒரு கோடு கீறிற்று. தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது. கிழக்கிலோ 200 மீற்றருக்குள் கட்டலாகாது! ஓராண்டு நிறைவதற்குள் அதே கோடு தளர்த்தப்படலாயிற்று. நூறு ஏன், இருநூறு ஏன், தளர்த்தியது ஏன் என்று வீடிழந்தவனுக்கு விளக்கியவர் யார்?

கரையோரத்தில் ஆபத்து இல்லை என்று நாம் வாதிக்க வரவில்லை. இருக்கிறது, 1978ஆம் ஆண்டுச் சூறாவளியைக் கண்ட மட்டக்களப்பாருக்கு அதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நாம் சொல்வது வேறு. அலை மீற்றர் கணக்குப் பார்த்து வருவதில்லை. நிலத்தின் உயரம், மணற்றிட்டி, கண்டற்காடு, களப்பு முகத்துவாரம் இவற்றைப் பார்த்தே அது ஓரிடத்தில் தணிகிறது, ஓரிடத்தில் ஊருக்குள் பாய்கிறது. ஊருக்கு ஊர் அளந்து சொல்ல வேண்டியதை ஒரே இலக்கத்தில் அடக்குவது அளவீடாகுமா?

கரையை விட்டு விலகு என்றால் விலகி எங்கே போவது? வயலை நிரப்ப 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் எளிதில் இடந்தராது. தந்தாலும் மாரி வெள்ளம் வடிய வழியின்றி வீட்டுக்குள் வரும். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியோடு 500 வீடுகள் எழுந்தன. அவற்றைத் தேசிய இன விகிதாசாரப்படி பகிர வேண்டுமென 2009ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை இங்கு ஆராய நாம் முற்படவில்லை. ஆனால் அலையில் வீடிழந்த முஸ்லிம் சகோதரர்கள் பார்த்திருக்க, அவ்வீடுகள் ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்து பற்றை மண்டின என்பதை எவர் மறுப்பார்?

கடல் செய்வது ஒருபுறமிருக்க, கடலைக் கொண்டு நாமே செய்விப்பதும் உண்டு. 2013ல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்பு, வடக்கே நகரும் மணலை மறித்தது. வடகரையில் தென்னந்தோப்புகளும் நிலமும் கடலுக்கு இரையாயின. துறைமுக வாயோ மணலால் தூர்ந்தது. தோணிக்காரனுக்குத் துறையுமில்லை, அயலவனுக்குக் கரையுமில்லை! மணல் எத்திசையில் நகரும் என்பது கரைவலை இழுப்பவனுக்குத் தெரியும். அவனைக் கேட்டவர் யாரோ?

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், கடலின் உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து உள்நோக்கி 300 மீற்றர் வரை அதிகாரிகளுக்கு ஆணை செலுத்தும் உரிமை தந்திருக்கிறது. உரிமை உள்ள இடத்தில் கடமையும் உண்டு. ஒவ்வொரு ஊரின் நில உயரத்தையும் வெள்ளம் புகும் வழியையும் காட்டும் வரைபடத்தைத் தமிழில் எழுதி ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் தொங்கவிடட்டும். மாற்றுக் காணியைக் காட்டிய பின்னரே எவரையும் எழுப்பட்டும். கடலிலிருந்து மேற்கே செல்லும் ஒழுங்கைகளை, ஓடுவோர் நெரிபடாதவாறு அகலப்படுத்தட்டும். அம்பாறை மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்றிருப்போர், எக்கட்சியினராயினும், அடுத்த அமர்விலேயே இவற்றைக் கேட்டு எழுத்தில் விடை பெறவேண்டும்.