சிறு மடிக்கணினி வாங்குவோர் கவனத்திற்கு

கும்பப்பூ அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும்பொழுது, பிள்ளைகளின் படிப்பிற்கென்று மடிக்கணினி வாங்கும் வழக்கம் நமது அங்கத்தினரிடையே பெருகி வருகிறது. மின்கட்டணம் செலுத்தவும், பட்டா, சிட்டா விவரம் பார்க்கவும், கல்லூரிக்கு விண்ணப்பிக்கவும் இணையம் இன்றியமையாததாகிவிட்டது. ஆகவே இவ்விருப்பம் நன்றே. எனினும், விலைக் குறைவு ஒன்றையே நம்பி வாங்குவது நன்றன்று என்பது நமது கருத்து.

வடசேரியில் நெசவாளர் ஒருவர் இல்லத்தில் நாம் நேரிற் கண்டதைக் கூறுவோம். அவர் நகையை ஈடு வைத்து, 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பகமும் கொண்ட சிறு கணினி ஒன்றை வாங்கினார். ஓராண்டிற்குள் சேமிப்பகம் நிரம்பிப் புதுப்பிப்பிற்கு இடமில்லாமற் போயிற்று. பெரியதொன்றை மாற்றிப் பொருத்தலாமென்றால், அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. இன்று கணினி பரணில் கிடக்கிறது; நகையோ இன்னும் மீட்கப்படவில்லை.

இதில் வியப்பொன்றுமில்லை. விண்டோஸ் 11 இயங்குவதற்கு விதிக்கப்பட்ட குறைந்த அளவே 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பகமுமாம். வாசற்படி அளவுக்கு வீடு கட்டினால் குடியிருப்பது எங்ஙனம்? 2007-ஆம் ஆண்டில் தைவான் நாட்டு ஏசுஸ் நிறுவனம் ஏழு அங்குலத் திரையும் 4 ஜிபி சேமிப்பகமும் உள்ள 'ஈ பிசி' என்னும் சிறு கணினியை வெளியிட்டது. மலிவென்று உலகெங்கும் வரவேற்கப்பட்ட அவ்வகைக் கணினிகள் சில ஆண்டுகளிலேயே வழக்கொழிந்தன.

பாவு நூலை இழுத்துப் பாராமல் தறியில் ஏற்றும் நெசவாளர் உண்டோ? விதைநெல்லைக் கையில் அள்ளிப் பாராமல் நாற்றங்காலில் விதைக்கும் விவசாயி உண்டோ? கணினிக்கும் அச்சோதனை வேண்டும். நினைவகம் 8 ஜிபி இருத்தல் நலம். சேமிப்பகம் 'இஎம்எம்சி' வகையாக இல்லாமல், 256 ஜிபி 'எஸ்எஸ்டி' ஆக இருக்கட்டும். பின்னாளில் அதை மாற்ற இயலுமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். விசைப்பலகையில் நாலு வரி தட்டிப் பாருங்கள். பழுதுபார்க்கும் நிலையம் நாகர்கோவிலில் உண்டா என்பதையும் விசாரியுங்கள். பட்டியலும் உத்தரவாதச் சீட்டும் இன்றிப் பணம் கொடுக்க வேண்டா.

இனி மற்றொன்று. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தொடங்கிய அரசுத் திட்டத்தில் மாணவர் பெற்ற மடிக்கணினிகள் பல இல்லங்களில் உறங்குகின்றன. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பும் 2025 அக்டோபர் 14-உடன் முடிவுற்றதால், இன்னும் பல கணினிகள் ஒதுக்கப்படுகின்றன. விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் வகைகளுள் எளியதொன்றை நிறுவினால், இவற்றுட் பல வீட்டு வேலைகளுக்குப் போதுமானவையாகும். புதியது வாங்குமுன் இதை முயன்று பார்த்தல் சிக்கனம்.

கடன் பெற்று வாங்கும் பொருள் கடன் தீரும்வரையேனும் உழைக்க வேண்டும். இவ்வொரு விதியை மனத்திற் கொண்டு கடைக்குச் செல்லுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.