மருத்துவம் முடித்து ஊர் திரும்புகிறீர்களா? இந்த மூன்றையும் பாருங்கள்

இந்தியாவிலோ இந்தோனேசியாவிலோ மருத்துவம் படிக்கும் கிளேபாங் பிள்ளையா நீங்கள்? கடைசி ஆண்டு வந்ததுமே மனசு கடற்கரைக்கும் தேங்காய் ஷேக்குக்கும் ஓடிடும். டிக்கெட் எடுக்கும் முன் மூன்று விஷயங்கள்.

அங்கீகாரம்: 1971 மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உங்கள் பல்கலைக்கழகம் இருக்கிறதா? இல்லையென்றால், மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவதற்கு முன் தகுதித் தேர்வு எழுத வேண்டும்.

ஹவுஸ்மேன் பயிற்சி: பட்டம் வாங்கினால் மட்டும் முழு டாக்டர் இல்லை. தற்காலிகப் பதிவோடு 2 ஆண்டுகள், துறை துறையாக மாறி வேலை பார்க்கணும்.

ஒப்பந்தம்: பெரிய மாற்றம் இதுதான். முன்பு நேரடியாக நிரந்தரப் பணி கிடைத்தது. 2016 டிசம்பர் முதல் ஒப்பந்த நியமனம்.

ஏன்? மலாக்காவையே பாருங்கள். 1997-இல் தொடங்கிய மலாக்கா மணிப்பால் கல்லூரி மாணவர்கள் பாதிப் படிப்பை கர்நாடகாவிலும் மீதியை இங்கும் முடித்தார்கள். இப்படிப் பல கல்லூரிகள் வந்தன, பட்டதாரிகள் பெருகினார்கள். அரசாங்கத்தின் நிரந்தரப் பணியிடங்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. 2021 ஜூலை 26-இல் ஒப்பந்த டாக்டர்கள் வேலையை விட்டு வெளியே வந்து நின்றதும் இதற்காகத்தான்.

நிரந்தரம் இல்லையென்றால் வீட்டுக் கடன், நிபுணத்துவப் படிப்பு எல்லாமே யோசித்துச் செய்ய வேண்டியவை. “கவர்மெண்ட் டாக்டர்” என்றால் கடைசி வரை கவலையில்லை என நம்பும் அப்பா அம்மாவிடம் இதை இப்போதே பேசிவிடுங்கள். கல்விக் கடனைத் திருப்பிக் கட்டும் திட்டத்தையும் சேர்த்தே போடுங்கள்.