பட்டறைக் கேள்வி - பதில்: இன்ஜினை இறக்கச் சொல்கிறார்கள்... கம்மலை அடகு வைக்கலாமா?

கேள்வி: "ஐயா, போன வருஷம் 2012 மாடல் மாருதி ஆம்னி ஒன்றை 95,000 ரூபாய்க்கு வாங்கினோம். விடியற்காலையில் எங்கள் தோட்டத்து மல்லிகையை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக அதுதான். போக வர 36 கிலோமீட்டர். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கொஞ்சம் நீலப்புகை வருகிறது, ஓடும்போது தெரிவதில்லை. மாதம் அரை லிட்டர் ஆயில் ஊற்றுகிறோம். ரேடியேட்டரிலும் வாரம் ஒருமுறை போர் தண்ணீர் ஊற்றுவோம். மெக்கானிக் 'இன்ஜினை இறக்கி போரிங் செய்து, பிஸ்டன், ரிங், வால்வு எல்லாம் மாற்றிவிடலாம், 38,000 ரூபாய் ஆகும்' என்கிறார். என் வீட்டுக்காரர் கம்மலை அடகு வைக்கலாம் என்கிறார். செய்யலாமா?"

– வாசகி ஒருவர், நிலக்கோட்டை

பதில்: கம்மல் இப்போதைக்குக் காதிலேயே இருக்கட்டும், அம்மா. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இன்ஜினை இறக்கும் வேளை வந்துவிட்டதாகத் தெரியவில்லை. ஆனால், உடனே பார்க்க வேண்டிய வேறொன்று இருக்கிறது. புகையைப் பற்றி நாலு வரி எழுதிய நீங்கள், அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். வாரம் ஒருமுறை ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுகிறீர்களே, அதுதான்.

நல்ல வண்டியில் ரேடியேட்டர் தண்ணீர் வாராவாரம் குறையாது. குறைகிறது என்றால் எங்கோ போகிறது. ஆயில் கொஞ்சம் குறைவாக இருந்தால் ஊற்றிக்கொண்டு ஓட்டலாம். தண்ணீர் ஒரு நாள் மொத்தமாகப் போய்விட்டால், சில நிமிடங்களில் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். அப்போதுதான் உண்மையிலேயே இன்ஜினைப் பிரிக்க வேண்டி வரும்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பல வருஷங்களுக்கு முன் தக்காளி ஏற்றிக்கொண்டு ராத்திரியில் போய்க்கொண்டிருந்தேன். உப்பிப்போயிருந்த ரேடியேட்டர் ஹோஸை 'அடுத்த மாதம் மாற்றலாம்' என்று இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டிருந்தேன். அது வெடித்தது. மார்க்கெட் இன்னும் எட்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டினேன். தக்காளி போய்ச் சேர்ந்தது, ஹெட் போய்விட்டது. ஒரு ரப்பர் குழாயை மிச்சம் பிடித்ததில் ஒரு போகத்து லாபம் போனது.

அதிலிருந்து எனக்கு ஒரே கணக்குதான். பழைய வண்டியில் எந்தப் பாகத்தை மாற்றுவது என்பதற்கு 'எது பழசு?' என்று கேட்காதீர்கள். 'இது போனால் கூடவே எதைக் கொண்டுபோகும்?' என்று கேளுங்கள். விலை குறைவாக இருந்து, போனால் இன்ஜினையே காவு வாங்கும் பாகத்தைக் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். விலை அதிகமாக இருந்து, மெதுவாகத் தேயும் பாகத்தை அளந்து பார்க்காமல் மாற்றாதீர்கள்.

முதலில், கேள்வி கேட்காமல் மாற்ற வேண்டியவை:

டைமிங் பெல்ட். ஆம்னி இன்ஜினில் இது ரப்பர் பெல்ட். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். முன்பு வைத்திருந்தவர் எப்போது மாற்றினார் என்பதற்குப் பில் இல்லை என்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுந்தால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும். பெல்ட்டோடு டென்ஷனரையும், ஆயில் கசிவு இருந்தால் அங்குள்ள ஆயில் சீல்களையும் சேர்த்து மாற்றுங்கள். ஆயில் பட்டால் புது பெல்ட்டும் சீக்கிரம் ஊறிக் கெடும். முன்பக்கம் பிரித்திருக்கும்போதே வாட்டர் பம்ப்பை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தாலோ, அடியில் தண்ணீர் கசிந்த தடம் இருந்தாலோ அதையும் மாற்றிவிடுங்கள். கூலி ஒன்றுதான்.

ரேடியேட்டர் ஹோஸ்கள், கிளாம்புகள், ரேடியேட்டர் மூடி. ஹோஸை அமுக்கினால் நொறுநொறுவென்று இருந்தாலும், கொழகொழவென்று இருந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. மூடியின் ரப்பரும் ஸ்பிரிங்கும் தளர்ந்தால் தண்ணீர் அதன் வழியாகவே வெளியேறும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

தெர்மோஸ்டாட். 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு?' என்று பலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கழற்றி, பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே வாய் திறக்க வேண்டும். ஆறினால் மூட வேண்டும். இல்லாவிட்டால் புதிது போடுங்கள்.

ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக். இவற்றைச் சொல்லவே தேவையில்லை.

அடுத்து போர் தண்ணீர். சொட்டுநீர்க் குழாயில் உப்பு அடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்புதான் ரேடியேட்டருக்குள்ளும், இன்ஜினின் தண்ணீர்ப் பாதையிலும் படிகிறது. ரேடியேட்டரைக் கழுவிவிட்டு, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் கேனில் சொல்லியிருக்கும் அளவில் கலந்து ஊற்றுங்கள். இனி போர் தண்ணீர் வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் தண்ணீர் குறைகிறதா? அப்படியானால் அது உள்ளே போகிறது. ஆயில் மூடியின் அடியிலும் ஆயில் கம்பியிலும் பால் கலந்த டீ போல இருக்கிறதா, இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டரில் குமிழ் குமிழாக வருகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். வண்டியை ஓட்டாமல் பட்டறையில் விடுங்கள்.

இப்போது நீலப்புகைக்கு வருவோம். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. அது எப்போது வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ராத்திரி முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் எடுக்கும்போது மட்டும் வந்து நின்றுவிட்டால், பெரும்பாலும் வால்வு சீல் தளர்ந்து ஆயில் சொட்டியிருக்கும். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் புகை கூடினால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கலாம். உங்கள் வண்டியில் வருவது முதல் வகை. வால்வு சீல் சின்ன ரப்பர். இந்த இன்ஜினில் ஆறு வால்வுதான். அதை மாற்ற இன்ஜினை இறக்க வேண்டியதில்லை.

மாதம் 1,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடுகிறது. அரை லிட்டர் ஆயில் குறைகிறது. பதினைந்து வயதை நெருங்கும் வண்டிக்கு இது பயப்படும் கணக்கில்லை. 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டரைத் தாண்டினால் யோசிக்கலாம்.

சந்தேகம் தீர ஒரு சோதனை இருக்கிறது: கம்ப்ரஷன் டெஸ்ட். இன்ஜின் சூடாக இருக்கும்போது பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் மீட்டரை வைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். மூன்று சிலிண்டரிலும் 170, 165, 168 என்பதுபோல் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் 120 என்று வந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். எண் ஏறினால் ரிங், சிலிண்டர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் கேஸ்கெட்மீதுதான் முதல் சந்தேகம். எண்களை நோட்டில் எழுதி வாங்குங்கள்.

இந்த டெஸ்ட் எடுக்காமல் போரிங் செய்யச் சொல்லும் எவரிடமும் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. ஒரே தடவையில் எல்லாம் மாற்றிவிட்டால் வண்டி திரும்ப வராது என்று அவர் நினைத்திருக்கலாம். 'டெஸ்ட் எடுத்துப் பார்த்துச் செய்யலாம் அண்ணே' என்று பக்குவமாகச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார்.

உண்மையிலேயே பிரிக்க வேண்டி வந்தால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். தேய்ந்து நீள்வட்டமான சிலிண்டரில் புது ரிங் மட்டும் போடுவது வீண்செலவு. ரிங் சரியாக உட்காராது. லேத் பட்டறையில் சிலிண்டரை அளந்த பிறகே ரிங் போதுமா, போரிங் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

பணம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர் டப்பா, பிராக்கெட் போன்றவற்றைப் பழைய சாமான் கடையில் சோதித்து வாங்கலாம். பெல்ட், சீல், கேஸ்கெட், ஹோஸ் ஆகியவற்றைப் பழசாக ஒருநாளும் வாங்கக் கூடாது.

இன்னொன்று. 2012-ல் பதிவான வண்டிக்கு ஆர்.சி. 15 வருஷம், அதாவது 2027 வரைதான். அதற்குப் பிறகு எஃப்.சி. பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். பெரிய செலவு செய்யும் முன் அடிப்பக்கத்தைத் தூக்கிப் பாருங்கள். தரையும் சேஸும் துரு ஏறியிருந்தால் இன்ஜினில் போடும் 38,000 ரூபாயும் துருவில்தான் போய்ச் சேரும்.

ஆக, இந்த வாரம் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். இந்த மாதம் பெல்ட், ஹோஸ், தெர்மோஸ்டாட், கூலன்ட் வேலையை முடியுங்கள். அப்போதே கம்ப்ரஷன் டெஸ்ட்டும் எடுத்துவிடுங்கள். எண்கள் நன்றாக இருந்தால், பூ விலை ஏறும் முகூர்த்த மாதத்தில் வால்வு சீல் மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: "பழைய டிராக்டருக்கும் இதே கணக்குதானா?"

– வாசகர் ஒருவர், மணப்பாறை

பதில்: கணக்கு அதேதான். ஆனால், டிராக்டருக்கு முதல் எதிரி புழுதி. ரோட்டவேட்டர் ஓட்டும் நாட்களில் ஏர் கிளீனர் வழியாகப் போகும் மண் ரிங்கையும் சிலிண்டரையும் அரம்போலத் தேய்த்துவிடும். ஆயில் உள்ள ஏர் கிளீனர் என்றால் கிண்ணத்தைக் கழற்றி, அடியில் தங்கிய சேற்றை எடுத்துவிட்டு, கோடு வரை புது ஆயில் விடுங்கள். ஏர் கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸில் விரிசல் இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். அந்த விரிசல் வழியாகப் போகும் மண்ணை எந்த ஃபில்டரும் தடுக்காது.